கழுத்தைக் காட்டும் நீர்நாய்

நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றி ஆட்களிடம் சொல்வது எனக்குப் பிடிக்காது. கலியாண வீடுகளில் யாராவது "இப்ப எங்க வேலை?" என்று கேட்டால் "ஒரு கிச்சின்ல" என்று முடித்துவிடுவேன். அது பொய் இல்லை. லண்டன் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு விலங்குப் பூங்கா இருக்கிறது. அங்கே மிருகங்களுக்கு மீன் தயார் செய்கிற அறைதான் என் கிச்சின். உறைந்த மீன் பெட்டிகளைக் குளிர் அறையிலிருந்து எடுத்து இளக விடுவது, நிறுப்பது, ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கி ஒரு விற்றமின் மாத்திரையைச் செருகுவது, இதுதான் வேலை. உறைய வைத்த மீனில் ஏதோ ஒரு சத்துப் போய்விடுமாம், அதற்குத்தான் மாத்திரை. கைகள் எப்போதும் குளிர்ந்து சிவந்திருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் நாற்றம் போகாது. ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து வேறு இருக்கைக்குப் போவார்கள். போகட்டும், எனக்கும் கால் நீட்ட இடம் கிடைக்கும்.

என் மீனில் பெரும்பங்கு ராட்சத நீர்நாய்களுக்குப் போகும். நீர்நாய் என்றதும் ஆட்கள் கையளவு குட்டிப் பிராணியை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இது அமேசன் காட்டு ஆறுகளில் இருக்கிற சாதி. மூக்கிலிருந்து வால் நுனிவரை அளந்தால் என்னைவிட நீளம். ஒரு மீனை முன்கால் இரண்டாலும் பிடித்து, தலையிலிருந்து தொடங்கி, முள்ளும் எலும்பும் நொறுங்குகிற சத்தத்தோடு தின்னும். அந்தச் சத்தத்தைக் கேட்டு முதல் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இரண்டடி பின்னால் போவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அவை தனியாக வாழாது. தாய், தகப்பன், வளர்ந்த பிள்ளைகள், குட்டிகள் எல்லாம் ஒரே கூட்டம். மூத்த பிள்ளைகள் கட்டிக்கொடுத்ததும் கனடாவுக்குப் போய்விடாமல் வீட்டிலேயே நின்று தம்பி தங்கைகளை வளர்க்கும். பகலில் எல்லாம் சேர்ந்து மீன் பிடிக்கும், இரவில் வளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து உறங்கும். மலம் கழிக்கவும் குடும்பத்துக்கு ஒரே இடம்தான். அதைக் காலால் மிதித்து மிதித்துப் பரப்பி, இது எங்கள் கரை என்று ஊருக்கு அறிவிக்கும். வாய் ஓயாது. முனகல், செருமல், கூச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் வைத்திருக்கும்.

எனக்கு அவற்றில் பிடித்தது கழுத்துத்தான். உடம்பு முழுக்கக் கபில நிறம், தொண்டையில் மட்டும் வெளிர்மஞ்சளில் ஒரு திட்டு. ஒன்றுக்கு இருக்கிற மாதிரி மற்றதற்கு இராது. அதை வைத்துத்தான் அவற்றைப் பராமரிக்கிற கீப்பர்கள் எது எது என்று சொல்வார்கள். அவையும் அப்படித்தான் ஆளை அறியுமாம். யாரும் வருவது தெரிந்தால் தண்ணீரிலிருந்து மார்பளவு எழும்பி, கழுத்தை நீட்டி, தன் திட்டைக் காட்டும். நான் இன்னார், நீ யார் என்பதுபோல.

ஒரு கோடையில் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊழியர்களின் குடும்பத்தாரைக் கூட்டிவரலாம் என்று ஒரு நாள் விட்டிருந்தார்கள். இருவரும் என்னோடுதான் கோலியர்ஸ் வுட்டில் இருந்தார்கள். எனக்குக் கலியாணம் ஒன்று நடந்து முடிந்தும் போயிற்று, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஒரே அண்ணன் டொரொன்டோவில். அப்பாவுக்கு அடைப்புக்காக நெஞ்சில் இரண்டு தரம் குழாய் வைத்திருந்ததால் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தா.

"சீ, என்ன நாத்தமடி இது. இந்த நாத்தத்துக்கு ரிக்கற் வேற."

அப்பாவுக்கு நாற்றம் தெரியவில்லை. கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுகள் எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. ஒண்டை ஒண்டு எப்பிடி மட்டுப்பிடிக்குதுகள்?" என்று கேட்டார். நான் கழுத்துத் திட்டைக் காட்டி விளக்கினேன். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப உம்மட தழும்பு மாதிரி."

அம்மாவுக்கு இடது தாடைக்குக் கீழே, கழுத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு. சின்ன வயதில் கொதி எண்ணெய் தெறித்ததாம். அவவுக்கு அதில் வெட்கம். படம் எடுக்கிறோம் என்றால் முகத்தை இடது பக்கம் திருப்பித் தாடையைத் தாழ்த்திக்கொள்வா. கலியாணப் படத்திலிருந்து பாஸ்போட் படம் வரை ஒன்றிலும் அந்தத் தழும்பு கிடையாது. அதை ஆட்கள் முன்னால் சொன்னதும் கோபம் வந்துவிட்டது.

"உதைத்தான் இப்ப ஊருக்குச் சொல்ல வேணுமாக்கும்."

"ஆயிரம் பொம்பிளையளை வரிசையில நிப்பாட்டினாலும் நான் உம்மைக் கண்டுபிடிச்சுப்போடுவன்."

"கண்டுபிடிச்சு என்ன செய்யப்போறியள்? தேத்தண்ணி போடச் சொல்லத்தானே."

அப்பா சிரித்தார். அம்மாவும் முந்தானைக்குள் சிரித்தா என்றுதான் நினைக்கிறேன், முகம் தெரியவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் பெண் நீர்நாய் செத்துப்போனது. பிள்ளைகளைப் பெற்று, கூட்டத்தை நடத்திய தாய். சிறுநீரகத்தில் ஏதோ வருத்தம், சில கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காலையில் கீப்பர் போய்ப் பார்த்தபோது வளைக்குள் விறைத்துக் கிடந்தது. மற்றவை வழமைபோல அதன்மேல் சாய்ந்து படுத்திருந்தனவாம். பிரேத பரிசோதனைக்கு உடலைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று ஒரே அவசரம். என்னிடம் வந்து நல்ல ட்ரவுட் மீனாக ஒரு வாளி வாங்கிப்போனார்கள். அதைக் காட்டிக் குடும்பத்தை அடுத்த குளத்துக்கு இழுத்து, கதவைச் சாத்தி, உடலை எடுத்து, வளையைக் கழுவிப் புதுச் சருகு போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். குடும்பம் திரும்பி வந்தபோது அவள் இல்லை. அவளுடைய மணமும் இல்லை.

பிறகு அந்த ஆண் செய்ததை நான் மீன் வாளி கொண்டுபோகிற ஒவ்வொரு முறையும் பார்த்தேன். குளத்தின் நடுவில் எழும்பி, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு திசைக்கும் தன் திட்டைக் காட்டிக் கத்தும். தோப்புப் பக்கம் காட்டும், ஆட்கள் நிற்கிற கண்ணாடிப் பக்கம் காட்டும், ஒன்றுமில்லாத மதில் பக்கமும் காட்டும். கத்திவிட்டுச் சத்தம் போடாமல் காது கொடுக்கும். பதில் வராது. வளைக்குள் போகும், வரும், திரும்பப் போகும். கொடுத்த மீனைத் தின்னாமல் வளைக்குள் கொண்டுபோய் வைக்கும். அடுத்த நாள் காலையில் கீப்பர் அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவாள். நான் மாத்திரை செருகின மீன் அப்படியே இருக்கும்.

அந்தக் கீப்பர் ஓர் இளம் வெள்ளைக்காரப் பிள்ளை. நல்லவள்தான். ஒருநாள் என் அறையில் வாளியைக் கழுவிக்கொண்டு நின்றவள் திடீரென்று அழத் தொடங்கினாள். "கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம். முகர்ந்து பார்த்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அவன் தேடிக்கொண்டே இருக்கிறான்" என்றாள். அப்போது ஏன் விடவில்லை என்று கேட்டேன். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் கேள்வி கேட்பது என் குணம். அவள் கழுவின வாளியையே திரும்பவும் கழுவினாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றா.

"ஒருக்கால் காட்டியிருக்கலாம்தானே. காட்டியிருந்தா அது அழுதுபோட்டுக் கிடக்கும். இதென்ன அநியாயம்" என்றா.

அப்பா சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில் அம்மாவுக்கு இருமல் வந்தது. இருமல் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சு எடுக்க முடியாமல் போகவே அம்புலன்சைக் கூப்பிட்டேன். அப்பாவுக்கும் இருமல் இருந்ததால் வார்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்புலன்ஸ் கதவு சாத்தும்போது அப்பா வாசல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா முகமூடிக்குள்ளால், "குளிருக்குள்ள நிக்காமல் உள்ள போங்கோ" என்றா. அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவ கேட்டது ஒன்றுதான்: "அப்பா சாப்பிட்டவரோ?" சில நாட்களில், ஒரு காலையில், என் கை அவவின் கையில் இருக்கும்போதே மூச்சு நின்றது.

நான் முதலில் அண்ணனுக்குத்தான் எடுத்தேன். டொரொன்டோவில் அப்போது விடியவில்லை. அவர் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அழுது முடித்ததும் குரல் மாறிவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஏதும் நடந்தால் அண்ணன் தொலைபேசிக்குள்ளேயே சேனாதிபதி ஆகிவிடுவார்.

"அப்பாவுக்கு இப்ப சொல்லாத. அவரின்ர நெஞ்சு தாங்காது. நான் வந்து சொல்லுறன். அதுவரைக்கும் வாயைத் திறவாத, விளங்குதோ?"

எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச என்னிடம் பலமும் இல்லை. அப்பாவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்கு வார்த்தேன். சாமித்தட்டின் திரையை இழுத்து மூடினேன். முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய், "அம்மாவை ஐ.சி.யு.வுக்கு மாத்தியிருக்கினம்" என்றேன்.

"ஆரையும் விடமாட்டினமோ?"

"விடமாட்டினமாம் அப்பா."

"ம்" என்று விட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லண்டனில் செத்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். பத்திரங்கள் முடிந்து, தகனசாலையில் இடம் கிடைத்து, உடலை எடுப்பதற்கு வாரக்கணக்காகும். அந்த வாரங்கள் முழுக்க நாங்கள் ஆடிய கூத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. செத்த வீட்டை அப்படியே லூயிஷாமில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு மாற்றினோம். சின்னம்மா அம்மாவின் தங்கை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் அங்கே போய் அழுதார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த ஓரிருவரை நான் காருக்குள்ளேயே வைத்து அழவிட்டு அனுப்பினேன்.

பெரிய தலையிடி ரேடியோ. அப்பா காலையில் தேத்தண்ணிக்கு முன்னம் தமிழ் ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்கிறவர். யார், எந்த ஊர், யாரின் மருமகன் என்று கேட்டு, தெரிந்தவர் என்றால் "சிச்சீ" என்றும் தெரியாதவர் என்றால் "ம்" என்றும் சொல்லுவார். அம்மாவின் அறிவித்தலைக் கொடுக்காமல் விட முடியாது, கொடுக்காவிட்டால் சனம் வராது, வராவிட்டால் அம்மாவுக்கு மரியாதை இல்லை. கொடுத்தால் அப்பா கேட்பார். நான் பிளக்கைக் கழற்றி உள்ளே இருந்த பியூசை எடுத்து என் மீன் அறை உடுப்பின் பையில் போட்டேன். "ரேடியோ பழுதாப் போச்சப்பா" என்றேன். கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போனாலே கூப்பாடு போடுகிற மனுஷன், திருத்தித் தா என்று ஒரு சொல் கேட்கவில்லை.

அவர் குலைந்துபோகிறார் என்றுதான் நான் நினைத்தேன். தினமும் சவரம் செய்கிறவர் செய்யவில்லை. முகமெல்லாம் வெள்ளையாக மயிர் வளர்ந்தது. நெற்றியில் திருநீறு இல்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காதவர், சின்னம்மா தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பருப்பையும் சோற்றையும் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு எழும்பினார். குளியலறைக்குள் போனால் வெளியே வர நெடுநேரம் எடுத்தது. பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். "அப்பா, என்ன செய்யிறியள்?" என்று கதவைத் தட்டினால், "வாறன் பிள்ளை" என்பார்.

அண்ணன் வந்து இறங்கினார். அப்பாவுக்கு முன்னால் நின்று, "அம்மாவைப் பாப்பமெண்டு வந்தனான்" என்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லது. பார்" என்றார். அவ்வளவுதான். வந்து சொல்கிறேன் என்ற அண்ணன் அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகு திட்டம் மாறியது: எல்லாம் முடிந்த பிறகு, சாம்பல் கையில் வந்த பிறகு, மெல்ல மெல்லச் சொல்வது. எடுக்கிற அன்று பக்கத்து வீட்டுக்காரரை அப்பாவோடு இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் போவது.

எனக்குப் பொறுக்கவில்லை. இடையில் சில நாட்கள் வேலைக்குப் போயிருந்தேன், வீட்டில் நடிப்பதைவிட மீன் வெட்டுவது மேல் என்று. ஆண் நீர்நாய் இப்போது கத்துவதில்லை. மதில் ஓரத்தில் கிடந்தது. பிள்ளைகள் அதன் பின்னால் போவதில்லை, வளையில் ஒன்றாகப் படுப்பதும் இல்லை, ஒவ்வொன்று ஒவ்வொரு மூலையில் என்று கீப்பர் சொன்னாள். குடும்பம் குடும்பமாகவே இல்லை. அன்று வேலை முடிந்து வந்து, சுப்பர்மார்க்கட் கார் பார்க்கில் வைத்து அண்ணனைப் பிடித்தேன்.

"அப்பா அம்மான்ர முகத்தைப் பாக்க வேணும் அண்ணை. எரிச்சாப் பிறகு காட்ட என்ன இருக்கு? அந்த நீர்நாய் இப்பவும்..."

"உனக்கு விசரோ? மிருகத்தையும் அப்பாவையும் ஒண்டா வைச்சுக் கதைக்கிறாய்."

"நான் இல்லை, அம்மாவே சொன்னவ. ஒருக்காக் காட்டியிருக்கலாம், இதென்ன அநியாயம் எண்டு. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அங்க இருந்தனீங்கள்."

நீங்கள் அங்கே இருந்தனீங்கள் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் அண்ணனுக்குச் சொல்லாத சொல். அவருடைய முகம் இருண்டது. "அவருக்கு ஏதும் நடந்தா நீ பொறுப்பெடுப்பியோ?" என்று கேட்டார். எடுப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படி வரும்? அப்பாவின் நெஞ்சுக்கு யார் பொறுப்பு எடுக்க முடியும்? சாமான் பையைப் பின் சீட்டில் எறிந்துவிட்டு அழுதேன். அண்ணனும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். இருவரும் கண்ணைத் துடைத்து, கண்ணாடியில் முகம் பார்த்துச் சரிசெய்துகொண்டுதான் வீட்டுக்குள் போனோம்.

எடுக்கிற நாள் வந்தது. வெளியே தூறல். நான் வெள்ளைச் சேலையை உடுத்து, அதன்மேல் பழைய வீட்டுக் கவுணைப் போட்டுக்கொண்டேன், அப்பா கண்டுவிடக்கூடாது என்று. கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த நேரம்தான் முடிவெடுத்தேன், அண்ணன் குதித்தாலும் பரவாயில்லை, நான் சொல்லப்போகிறேன் என்று. அப்பாவின் அறைக் கதவைத் தட்டித் திறந்தேன். அண்ணன் என்னைப் பின்தொடர்ந்து வாசல்வரை வந்துவிட்டார்.

அப்பா கட்டில் விளிம்பில் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை சேட், மேலே குளிருக்குக் கறுத்தக் கோட். தலை வாரியிருந்தார். முகத்தில் அந்த வளர்ந்த தாடி. சப்பாத்து இரண்டும் காலில் இருந்தன, கயிறு மட்டும் கட்டப்படாமல் தொங்கியது.

"குனிய ஏலாமல் கிடக்கு" என்றார். "இதை ஒருக்காக் கட்டிவிடு பிள்ளை. எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

நான் அவர் காலடியில் இருந்துவிட்டேன். கயிற்றை எடுத்துக் கட்டினேன். அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று மட்டும் சொன்னார். அப்பா அவரைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரில் போகும்போதுதான் கேட்டேன், எப்போது தெரியும் என்று.

"அண்டைக்கே" என்றார். "ஆஸ்பத்திரியால வந்து தலை முழுகினாய். தைமாதக் குளிருக்குள்ள ஆர் தலை முழுகுவினம்? பிறகு சாமித்தட்டுத் திரையை இழுத்து மூடினாய். அதுக்குப் பிறகு ஒருநாளும் விளக்கு வைக்கேல்லை. வேற என்ன சொல்லக் கிடக்கு?"

ரேடியோவை மௌனமாக்கினேன், செத்த வீட்டை லூயிஷாமுக்குக் கொண்டுபோனேன், என் முகத்தை, என் குரலை, என் உடுப்பை எல்லாம் மாற்றினேன். ஆனால் சாவுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, சாமிக்கு விளக்கு வைக்க என் கை போகவில்லை. அதை ஒளிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, அது பழக்கத்தில் தானாக நடந்தது. அவரும் அன்றிலிருந்தே துடக்குக் காத்து வந்திருக்கிறார். சவரம் இல்லை, திருநீறு இல்லை, மச்ச மாமிசம் இல்லை. எல்லாம் என் கண் முன்னால்தான்.

"தெரிஞ்சா ஏன் கேக்கேல்லை அப்பா?"

"நீங்கள் எல்லாரும் எனக்காக உந்தப் பாடு படேக்க நான் என்னெண்டு கேக்கிறது? கொண்ணன் வேற அங்கயிருந்து ஓடி வந்து நிக்கிறான்." துடைப்பான் கண்ணாடியில் போய் வந்துகொண்டிருந்தது. "ஆனா அழுறதுக்கு எண்டாலும் ஒரு ஆள் பக்கத்தில வேணும் பிள்ளை. பைப்பைத் திறந்து விட்டிட்டு எவ்வளவு நாளைக்கு அழுறது?"

அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். மண்டபத்துக்கு நாங்கள் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தோம்.

மண்டபம் நிறையச் சனம். அப்பாவைச் சக்கர நாற்காலியில் கண்டதும் சின்னம்மா "ஐயோ அத்தான்" என்று வாயில் அடித்துக்கொண்டு ஓடி வந்தா. யாருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் ஆட்கள் விலகி வழி விட்டார்கள். நான் பெட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அவர் என் தோளைப் பிடித்து எழும்பி நின்றார்.

அம்மாவைக் கூறைச் சேலை உடுத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பார்க்க அம்மாவாக இல்லை. கன்னத்தில் பவுடர், உதட்டில் சாயம். அண்ணன் கொடுத்த படத்தைப் பார்த்துத்தான் செத்தவீடு நடத்தும் கம்பனிக்காரர்கள் அலங்கரித்தார்கள். அந்தப் படத்திலும் அம்மா வழமைபோல முகத்தைத் திருப்பி, தாடையைத் தாழ்த்தித்தான் நின்றா. அதனால் கழுத்து முழுக்க ஒரே நிறத்தில் வழவழ என்று பூசி விட்டிருந்தார்கள்.

அப்பா முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. மாலையை மெல்ல ஒதுக்கினார். குனிந்து, இடது தாடைக்குக் கீழே தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார், வேறு யாரையோ கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்பதுபோல ஒரு பார்வை. நான் கைக்குட்டையை நாக்கில் நனைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அந்த இடத்தைத் தேய்த்தார். துணியில் சாயம் வந்தது. இன்னும் தேய்த்தார். மெல்ல மெல்லப் புளியங்கொட்டை அளவில் அந்த மினுமினுப்புத் தெரிந்தது.

"ஓம்" என்றார். "இது அவதான்."

பிறகுதான் அழுதார். பைப் சத்தம் எதுவும் இல்லாமல், கழுத்தை மேலே நீட்டி, மண்டபம் முழுக்கக் கேட்க அழுதார். அண்ணனும் நானும் சின்னம்மாவும் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அடுத்த குடும்பத்துக்கு நேரமாகிறது என்று மண்டபத்து ஆட்கள் இரண்டு பேர் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி எங்கள் பின்னால் வந்து நின்றார்கள். நான் கையை நீட்டி, பொறுங்கள் என்றேன்.